பட்டனை அணைக்க மறந்த மனிதன்

சாமி,

நீ சென்னைக்குப் பஸ் ஏறி இன்றோடு இருபத்திரண்டு நாள். அப்பாவிடம் "வாரனுங்கப்பா" என்றாய். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை மேசை மேலேயே விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாய். வாட்ஸப்பில் நான் அனுப்புகிற எதற்கும் இரண்டாவது டிக் விழுவதில்லை. என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. அதனால் இந்தக் கடிதத்தை ஜெயந்தியிடம் கொடுக்கிறேன். கோயமுத்தூரில் இருந்துகொண்டு, குரல் கொடுப்பவர்களுக்கு வேலை பிடித்துத் தருகிற ஜெயந்தியை உனக்குத் தெரியும். அவள் நடத்துகிற வாட்ஸப் குழுவில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். அதில் நீ இருக்கிறாய். அவனும் இருக்கிறான். இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எல்லாரும் படிக்கட்டும். அவன் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் அது அவனுக்கு விளம்பரமாகிவிடும். என் கையால் அவனுக்கு அந்த நல்லதுகூட நடக்கக் கூடாது.

முதலில் நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். நாலு வருடம் ஆகப்போகிறது. நீ காலேஜ் முடித்துவிட்டு, டப்பிங் பேசத்தான் போவேன் என்று பிடிவாதமாக நின்ற நேரம். சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த ஸ்டுடியோவில், போனில் கதை கேட்கிற ஏதோ ஒரு செயலிக்காகக் குரல் தேர்வு நடக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். எனக்குக் கண் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் உன்னோடு வந்தேன். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரக் குடும்பத்தின் கதை. நீ அந்த வீட்டு மகனுக்குப் பேசிப் பார்த்தாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசியது தெரிந்ததே தவிர, வெளியில் இருந்த எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நீ வெளியே வந்ததும் அங்கே மெஷின் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்னிடம், "அம்மா கேரக்டருக்கு இன்னும் ஆள் கிடைக்கலைங்க. நீங்களும் சும்மா நாலு வரி படிங்களேன்" என்றாள். நீதான் என்னை உள்ளே தள்ளிவிட்டாய். "போம்மா, ஊட்டுல என்னையத் திட்டற மாதிரி பேசு, போதும்" என்றாய். பிறகு தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிப் போனாய்.

நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு வரி படித்தேன். படித்து முடித்ததும் கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்கள் ஒரு பட்டனை அழுத்தி உள்ளே இருப்பவரிடம் பேசுவார்கள் அல்லவா, நான் பெயர் எழுத மாட்டேன் என்றவன், அந்தக் கதையின் டைரக்டர், அதை அழுத்தி "ஒரு நிமிசம் இருங்கம்மா" என்றான். அதை அணைக்க மறந்துவிட்டான். அவன் அந்தப் பெண் பக்கம் திரும்பிச் சொன்னது ஒவ்வொரு சொல்லும் என் இரண்டு காதிலும் விழுந்தது. "இது என்ன குரல்? கோழியை அடைக்கக் கூப்பிடற மாதிரி இருக்கு. இதுல பையன் வேற. வாயில வெண்டைக்காயை வெச்சுக்கிட்டுப் பேசறான். குடும்பத்தோட கிளம்பி வந்துடுதுங்க. பஸ் ஏத்தி அனுப்பு. கொங்கு பேசறதுக்கு மெட்ராஸ்ல ஆளா இல்ல?" என்று சொல்லிச் சிரித்தான். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு நான் வெளியே வந்தபோது நீயும் மேலே வந்திருந்தாய். அவன் இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நல்லாப் பண்ணீங்கம்மா. தம்பியும் நல்லாப் பண்ணினார். சொல்லி அனுப்பறோம்" என்றான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, "நல்லாப் பண்ணினேன்னு அவரே சொன்னாரும்மா" என்று மூன்று முறை சொன்னாய். நான் "ஆமாஞ்சாமி, கூப்புடுவாங்க" என்றேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. அதன் பிறகு நீ இரண்டு மாதம் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாய். யார் கூப்பிட்டாலும் எச்சில் கையோடு எடுத்தாய். என் குரலைச் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் உன்னை உட்கார வைத்து, "தம்பி, இது இது சரியில்லை, இதைத் திருத்திக்கிட்டு வா" என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. கும்பிட்டு அனுப்பிவிட்டு உன்னைக் காத்திருக்க வைத்தான் பார், அதை நான் விடவில்லை. அந்த எரிச்சலில் ஒன்றை யோசிக்க மறந்தேன். அவன் சொல்லாமல் விட்டதைத்தான் நானும் உன்னிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

நீ சோர்ந்து போய் சேலத்தில் மொபைல் கடை வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் நான் முடிவு செய்தேன். அவனே ஒரு நாள் என்னைத் தேடி வர வேண்டும். என் குரல்தான் வேண்டும் என்று அவன் வாயால் கேட்க வேண்டும். பத்துப் பேர் பார்க்க நான் அவன் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் எனக்கு நடிப்பு ஆசை ஒன்றும் கிடையாது. கோழிப்பண்ணையும் நீயும் அப்பாவும்தான் என் உலகம். எனக்கு வந்தது ஆசை அல்ல, வஞ்சம். ஐம்பது வயதில் ஒரு பொம்பளையைப் புதிதாக ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள வைக்கிற அளவுக்கு அதற்குப் பலம் இருந்தது. உனக்கு அறிவுரை சொல்ல உட்கார்ந்திருக்கிற நான், அந்தப் பலத்தைக் கெட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பண்ணையில் காலையில் வாய் திறக்க முடியாது. முட்டை வைக்கிற நேரத்தில் அத்தனை கோழியும் கத்தும். மத்தியானம் வெயில் ஏறியதும் எல்லாம் அடங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் தீவன ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். சுற்றிலும் மக்காச்சோள மூட்டை அடுக்கியிருக்கும். அதற்குள் பேசினால் எதிரொலி வராது என்று நானே கண்டுபிடித்தேன். போனை ஒரு மூட்டை மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசிப் பேசிப் பதிவு செய்வேன். ஒரு நாள் அப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, மூட்டையோட என்ன சண்டை உனக்கு?" என்றார். "ஏனுங்க, பையனுக்குத் தெரிய வேண்டாம், நான் குரல் அனுப்பிப் பார்க்கறனுங்க" என்றேன். அவர் உள்ளே வந்து மூட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். "செரி, தவுடு சாக்கை இந்தப் பக்கம் நவுத்திப் போடட்டா? சத்தம் இன்னும் அடங்கும்" என்றார். அவ்வளவுதான். உன் அப்பா ஒரு கேள்விக்கு மேல் கேட்டதே இல்லை.

பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற என் பெயரில், குரல் தேடுகிற கம்பெனிகளுக்கு அனுப்பினேன். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது, உனக்கே நினைவிருக்காது. முதலில் அனுப்பிய நாலைந்துக்கு ஒரு பதிலும் வரவில்லை. பிறகு ஒருவர் ஒரே வரியில், "பின்னால் கோழிச் சத்தம் கேட்கிறது" என்று எழுதினார். நான் மத்தியானத்துக்கு மாறியது அதனால்தான். இன்னொருவர், "ப என்று சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் அடிக்கிறது, வாயை நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்" என்றார். அதையும் செய்தேன். மூன்றாவது ஆள் எழுதியதுதான் என்னைச் சுட்டது. "நீங்கள் வாசிக்கிறீர்கள். பேசவில்லை." அவருக்குப் பதிலாக ஒரு பக்கம் தட்டினேன், சாமி. நீ யார், உன் அம்மா எப்படிப் பேசுவாள், உனக்கு எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி என்ன தெரியும் என்றெல்லாம். அனுப்பப் போகும்போது பண்ணையில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று அப்பா கூப்பிட்டார். சேறும் சகதியுமாக வேலையை முடித்துவிட்டு வந்து, என் பதிவை மறுபடியும் போட்டுக் கேட்டேன். ரேஷன் கடைப் பட்டியலைப் படிக்கிற மாதிரி இருந்தது. தட்டியதை அழித்தேன். அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம். திருத்தம் எதுவும் வந்தால் அன்றைக்குப் பதில் எழுத மாட்டேன். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு என் பதிவைக் கேட்பேன். அவர்கள் சொன்னது அதில் இருந்தால் அவர்கள் பக்கம். இல்லையென்றால் என் பக்கம். பத்துக்கு எட்டு அவர்கள் பக்கம்தான் முடிந்தது.

ஜெயந்தி வந்தது அப்போதுதான். அவளுக்கு நான் அனுப்பியது ஒரு தாய் மகனுக்குச் சோறு போடுகிற காட்சி. அவள் எழுதவில்லை, வாய்ஸ் நோட்டே அனுப்பினாள். "அக்கா, உங்களுக்குக் கோவம் நல்லா வருது. அதுல எனக்குக் குறையே இல்ல. ஆனா எல்லா வரியிலயும் அதுதான் வருது. 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா'ன்னு கேக்கறப்பக்கூட யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கு. யாருக்கா அது?" என்று கேட்டாள். நான் அவளிடம் யாரென்று சொல்லவில்லை. ஆனால் கோபத்தை எங்கே வைப்பது என்று அவளிடம்தான் கற்றேன். வாரம் ஒரு முறை எதையாவது படிக்கக் கொடுப்பாள், கேட்டுவிட்டுத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் பிரித்து மேய்வாள். முதலில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் கிடைத்தது. பிறகு ஒரு தொடரில் மூன்று வரி. பிறகு ஒரு மாமியார். நீ ராசிபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து காதில் போட்டுக் கேட்ட அந்தப் பேய்க்கதையில் அலறியது நான்தான். "அந்தக் கிழவி பிரமாதம்மா" என்று வீட்டுக்கு வந்து சொன்னாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

மூன்று வருடம் இப்படிப் போனது. போன வருடம் ஒரு நாள் ஜெயந்தி கூப்பிட்டு, "அக்கா, பெரிய தொடர். தாய்தான் முக்கியமான வேசம். உங்க குரலைக் கேட்டுப்போட்டு டைரக்டரு இதுதான் வேணும்னுட்டாரு. சேலத்துல ஸ்டுடியோ" என்றாள். "ஐந்து ரோட்டுக்குப் பக்கமா?" என்று கேட்டேன். "ஆமாங்க்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அன்று சாயங்காலமே அவன் கூப்பிட்டான். "அம்மா, இந்த மாதிரி ஒரு குரலைத்தான் இத்தனை வருசமாத் தேடிட்டு இருந்தேன். மண்ணு வாசனை அப்படியே இருக்கு" என்றான். நான் சிரித்துக்கொண்டே "அப்படீங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்றேன். போனை வைத்துவிட்டுத் தீவன ரூமில் போய் உட்கார்ந்தேன். பயமில்லை. கல்யாணத்துக்குப் புடவை எடுத்து வைத்த பெண் மாதிரி நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் எல்லாரும் சேர்ந்து படித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. செயலிக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாளும் இரண்டு பையன்களும் வந்திருந்தார்கள். அவன் வாசல் வரை வந்து கும்பிட்டான். என்னை ஏற்கெனவே பார்த்த அடையாளம் அவன் முகத்தில் துளியும் இல்லை. அதுவும் எனக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று. மற்றவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள், அதற்குள் தாயின் முதல் பக்கத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டலாம் என்று என்னைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பினான். நான் அந்தப் பக்கத்தைப் பேசினேன், சாமி. இத்தனை நாளாகத் தள்ளிப்போய்க் கிடந்த அதே கதைதான், ரிக் வண்டியோடு வடக்கே போன மகன் திரும்பி வருவானா என்று தாய் கேட்கிற இடம். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. முடித்ததும் வெளியில் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் பட்டனை அழுத்தி, "அம்மா, சொல்றதுக்கு வார்த்தையே இல்லைங்கம்மா" என்றான்.

"என்கிட்ட இருக்குதுங்க" என்றேன். மைக்குக்கு இன்னும் கிட்டே போனேன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே அறையில் நான் நின்றதையும் அவன் பட்டனை அணைக்க மறந்ததையும் சொன்னேன். பிறகு அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். என் குரலில் இல்லை, அவன் குரலில். அவன் இழுப்பதை இழுத்து, சிரித்த இடத்தில் சிரித்து, கோழியை அடைப்பது, வெண்டைக்காய், பஸ் ஏற்றி அனுப்புவது எல்லாம். இந்த மூன்று வருடத்தில் நான் தீவன ரூமில் மிக அதிகமாகப் பயிற்சி செய்த பகுதி அதுதான். "உங்க கதைக்கு நான் பேச முடியாதுங்க. மெட்ராஸ்ல ஆளா இல்ல?" என்று முடித்தேன். அன்றைக்கும் அவன் பட்டனை அணைக்கவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. எப்போதும் பட்டணத்துப் பேச்சே பேசுகிறவன், "அம்மா, தெரியாமப் பேசிப்போட்டனுங்கம்மா" என்றான். அவனும் நம் பக்கத்து ஆள்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆட்டையாம்பட்டியாம், பிறகு ஜெயந்தி சொன்னாள். கம்பெனி அம்மாள் அவனைப் பார்த்து, "இது நெஜமா சார்?" என்று கேட்டாள். அவன் குனிந்து அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அரை நிமிடத்தை இன்றைக்கும் நான் வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் இனிக்கிறது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது நீ நின்றாய். கையில் ஸ்கிரிப்ட். சுவரோடு சுவராக, ஷூவைக்கூடக் கழற்றாமல்.

எனக்கு எதுவும் புரியவில்லை. நீ கடைக்குப் போயிருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். நீ மாடிப்படியில் என் முன்னால் இறங்கினாய். பாதியில் திரும்பி நின்றாய். "இந்தத் தொடர்ல மகன் நான்தாம்மா. உன்ற மகன்" என்றாய். அப்புறம்தான் சொன்னாய். அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பு கடையில் மதிய இடைவேளையில் நீயாகவே அவனிடம் போய், "சார், என்னை ஏன் எடுக்கல, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாயாம். அவன் முதலில் மழுப்பினானாம். நீ நகரவில்லையாம். அப்புறம் உட்கார வைத்துச் சொன்னானாம், வெண்டைக்காய் என்று இல்லை, நாக்கு எங்கே படவில்லை, எந்தச் சொல் அமுங்குகிறது என்று. ஆறு மாதம் போய்ப் போய்ப் பேசிக் காட்டி, அந்த வேடத்தை வாங்கியிருக்கிறாய். முதல் பாகம் வெளிவந்ததும் எங்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று வைத்திருந்தாயாம்.

"எனக்கு எப்படிச் சாமி தெரியும்?" என்றேன். நீ சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "அவரு அதைச் சொன்னது மூணு வருசத்துக்கு முன்னாடி, ஒரு பொண்ணுகிட்ட. நீ சொன்னது இன்னிக்கு, என்கூடப் பேச வந்த அத்தனை பேரு முன்னாடியும். என் வாயில வெண்டைக்காய்னு எனக்கு நீதாம்மா சொன்னே." அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு மாதம் நீ என்னிடம் பேசவில்லை. கம்பெனிக்காரர்கள் அந்தத் தொடரை அவனிடமிருந்து எடுத்துச் சென்னையில் வேறு ஆட்களை வைத்துச் செய்துகொண்டார்கள். அவன் தோற்றான். அவனோடு உன் வேடமும் போனது. நான் எறிந்த கல் சரியான இடத்தில்தான் விழுந்தது. நீ அவனுக்குப் பின்னால் நின்றதைத்தான் நான் பார்க்கவில்லை. நான் பார்க்க முயற்சி செய்யவும் இல்லை என்பதுதான் உண்மை. மூன்று வருடம் உன்னைச் சொல்லிக்கொண்டே பழி வளர்த்தேன். அந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட, "உனக்கு இப்ப என்ன நடக்குது சாமி" என்று உட்கார்ந்து கேட்கவில்லை. உன் பெயரில் நான் எனக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறேன்.

இனி சொல்வது யாருக்கும் தெரியாது, அப்பாவுக்குக்கூட. அது நடந்து மூன்று மாதம் கழித்து அவன் ஜெயந்தி மூலமாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினான். மேலே, "இது அம்மாவுக்கு இல்லை. தம்பிக்கு. ரெக்கார்டிங்கில் ஒவ்வொன்றாகச் சொல்லித் திருத்தலாம் என்று வைத்திருந்தேன். என் போனை அவர் எடுப்பதில்லை. நீங்கள் கொடுத்துவிடுங்கள்" என்று இருந்தது. நான் கொடுக்கவில்லை, சாமி. ஐந்து மாதம் வைத்திருந்தேன். அவனால் உனக்கு ஒரு நல்லது நடந்தால், அவனை நான் வெறுப்பதற்குக் காரணம் குறைந்துபோகும் என்று பயந்தேன். அதில் தப்புக் கண்டுபிடிக்க எத்தனையோ தடவை படித்தேன். நீயும் அதே தீவன ரூமுக்குள் போய்ப் பேசிப் பார்க்கும்போது கதவுக்கு வெளியே நின்று, அவன் எழுதியதை ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. அது தெரிந்த பிறகும் உன்னை அதே குறைகளோடு பஸ் ஏற்றிவிட்டேன். நேற்று அப்பா உன்னோடு போனில் பேசிவிட்டு வந்து, "ரெண்டு எடத்துல கொரலக் கேட்டுப்போட்டு வேண்டாம்னுட்டாங்களாம். ஏன்னு காரணஞ் சொல்லலையாம்" என்றார். அவர்கள் சொல்லாத காரணம் என் போனில் இருக்கிறது.

அதனால் அவன் எழுதியதை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் இங்கே எழுதுகிறேன். "தம்பி வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறார், அதில்தான் பெரும்பாலும் அர்த்தம் இருக்கிறது. மூச்சை வரிக்கு நடுவில் எடுக்கிறார், வரிக்கு முன்னால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிராளி பேசும்போது இவர் செத்துப்போகிறார்; கேட்பதும் நடிப்புதான், கேட்கும்போது அவர் மூச்சு நமக்குக் கேட்க வேண்டும். அழுகிற காட்சியில் முதல் வரியிலேயே அழுதுவிடுகிறார், அடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அவரிடம் ஒரு சிரிப்பு இருக்கிறது. சொல்லின் பாதியில் தானாக வருகிறது. இருபது வருடத்தில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. அதை யார் திருத்தச் சொன்னாலும் திருத்த வேண்டாம்."

படித்துவிட்டாயா? இன்று ஒன்றும் செய்யாதே. நாளைக்கு உன் பதிவைப் போட்டுக் கேள். அவன் சொன்னது அதில் இருந்தால் எடுத்துக்கொள். யார் சொன்னது என்று பார்க்காதே. நான் பார்த்தேன், உனக்கு ஐந்து மாதம் போயிற்று. இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதுகூட, அவனைப் பற்றி நல்லதாக ஒரு வரி என் கையால் போகிறதே என்று எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. அவனும் இதைப் படிப்பான் அல்லவா, அவனுக்கும் சொல்கிறேன்: நீ என் மகனுக்கு எழுதியது சரி. என் மகனைக் கும்பிட்டு அனுப்பியது சரியில்லை. உன்னை நான் மன்னிக்கவில்லை.

சாமி, நீ சென்னைக்குப் போனது அவனிடம் ஜெயித்துக் காட்ட இல்லை. அது எனக்குத் தெரியும். என்னிடம் காட்டத்தான் போயிருக்கிறாய். காட்டு. ஆனால் அதற்காக மூன்று வருடம் காத்திருக்காதே. உனக்கு என் மேல் இருக்கிற கோபத்தை மனசுக்குள் வைத்துப் பயிற்சி செய்யாதே, அது நன்றாக வந்துவிடும், அதுதான் ஆபத்து. இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. ஆண்டகளூர் கேட் பஸ் நிறுத்தத்தில் அப்பா வண்டியோடு நிற்பார். ஊட்டுக்குள் வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. கடைசிச் சொல் வரைக்கும் விழுங்காமல் திட்டு. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். நீ முடித்த பிறகு தட்டு எடுத்து வைக்கிறேன்.